செட்டில்டு

மடியில இருக்குற ஃபைல்ல பேங்க் பேரு போட்டிருக்கே, அதான் கேட்டேன் தம்பி. வீட்டு லோனா? ஓ, கார் லோனா. நல்லது. கார் வாங்குத வயசுதான். எனக்கு அம்பத்தி நாலு ஆகுது, இன்னும் பஸ்ஸுதான் பாத்துக்கிடுங்க.

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீய. சிபில் நம்பர் பாத்துட்டீயளா? எவ்வளவு? எழுநூத்தி எண்பத்திரெண்டா! யப்பா. கையைக் குடுங்க முதல்ல. சும்மா சொல்லலை. எழுநூத்தி எண்பத்திரெண்டு உள்ள ஆளு பக்கத்துல உக்காந்து நான் பஸ்ஸுல போனதே கிடையாது. போயிருப்பேன், தெரிஞ்சிருக்காது. நெத்தியிலயா எழுதியிருக்கு?

என் பேரு ஆவுடையப்பன். திருநவேலி டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில இருக்கேன். இருபத்தேழு வருஷமா கொள்முதல் நாந்தான். கொள்முதல்னா, கடைக்குள்ள வர்ற ஒவ்வொரு சேலைக்கும் வேட்டிக்கும் விலை பேசி வாங்கிட்டு வர்ற ஆளு. ஈரோடு, இளம்பிள்ளை, மதுரைன்னு மாசத்துல பத்து நாள் ரோட்டுலதான். விலை பேசுததுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. அவன் விலை சொன்னா முதல்ல சிரிக்கணும். அப்புறம் எந்திரிக்கணும். எந்திரிச்சுச் செருப்பு போடணும். செருப்பு போடுதப்ப அவசரமே படக்கூடாது. வாசலைத் தாண்டுததுக்குள்ள கால்வாசி குறைஞ்சிரும். நான் முழு விலை குடுத்து எதையும் வாங்கினதே கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர் கூலியையே குறைச்சவன் நான். பெருமைக்குச் சொல்லலை.

பெருமைக்குத்தான் சொல்லுதேன், வேற என்ன.

இப்ப கோயமுத்தூர்ல இருந்து வாறேன். மகளை ஹாஸ்டல்ல விட்டுட்டு வாறேன். அகிலா. ஒரே மக. பிசியோதெரபி முடிச்சுட்டு மேல்படிப்பு. கை கால் விழுந்தவங்களை எந்திரிச்சு நடக்க வைக்குத படிப்பு. ரெண்டு வருஷம். போன வருஷமே போயிருக்க வேண்டிய பிள்ளை. போகலை. அதைத்தான் சொல்ல வந்தேன். உங்க ஃபைலைப் பாத்ததும் சொல்லணும்னு தோணிட்டு. திருநவேலி போக இன்னும் மூணு மணி நேரம் ஆகும்லா, தூக்கம் வந்தா சொல்லுங்க, நிப்பாட்டிக்கிடுதேன்.

என்கிட்ட ஒரு கிரெடிட் கார்டு இருந்துச்சு. கேட்டு வாங்கினதில்ல, கடைக்கு வந்து ஒரு பையன் டை கட்டிக்கிட்டு நின்னான், கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, டார்கெட்டுன்னு கெஞ்சினான், போட்டேன். ஒரு தோள்பை குடுத்தான். அந்தக் கார்டுல ஃபிரிட்ஜ் வாங்கினேன், தங்கச்சி மக கல்யாணத்துக்குச் செஞ்சேன், அப்படியே ஓடுச்சு. மாசாமாசம் பில் வரும். அதுல கீழ 'குறைந்தபட்சம்'னு ஒரு தொகை போட்டிருப்பான் பாத்திருக்கீயளா? அவனே குறைச்சுச் சொல்லுதான், நான் எதுக்குக் கூடக் குடுக்கணும்? அதை மட்டும் கட்டுவேன். மூணு வருஷம் அப்படிக் கட்டினேன். கட்டக் கட்ட மேல இருக்குத தொகை அசையவே இல்ல. சொல்லப்போனா ஏறுச்சு.

அப்புறம் கொரோனா. கடை அடைச்சாச்சு. சம்பளம் பாதி, அப்புறம் அதுவும் இல்ல. கட்டலை. நான் ஒருத்தன் மட்டுமா கட்டலை? ஊரே கட்டலை. கடை திறந்த பிறகும் கட்டலை. ஒரு லட்சத்திப் பன்னெண்டாயிரத்துல வந்து நின்னுச்சு.

அப்பதான் போன் வர ஆரம்பிச்சுச்சு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஒருத்தன் மிரட்டுவான், ஒருத்தி கெஞ்சுவா. ஒருநாள் ஒருத்தன், குரலைக் கேட்டா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருந்துச்சு, "சார், ஒரே தடவையில கட்டுறதா இருந்தா எண்பதாயிரத்துல முடிச்சுக்கலாம்"னான்.

அவ்வளவுதான் தம்பி. அவன் குறைச்சுட்டான். ஒருத்தன் வாயைத் திறந்து குறைச்சுட்டான்னா இன்னும் குறைப்பான். எனக்குத் தெரியாததா? நான் சிரிச்சேன். "எண்பதா? இருபத்தஞ்சு தாறேன்"னு போனை வச்சுட்டேன். மூணு வாரம் பேசினோம். எழுபது, அறுபத்தஞ்சு, அறுபது. நடுவுல ஒரு வாரம் நான் போனே எடுக்கலை. அது செருப்பு போடுத மாதிரி. கடைசியில நாப்பத்தஞ்சாயிரம். ஒரு லட்சத்திப் பன்னெண்டு, நாப்பத்தஞ்சு! லெட்டரும் அனுப்பிட்டான், உங்க கணக்கு தீர்வு செய்யப்பட்டதுன்னு. அன்னைக்கு ரெண்டு கிலோ மாம்பழம் வாங்கிட்டுப் போனேன் வீட்டுக்கு. செண்பகத்துக்கிட்ட, செண்பகவல்லின்னு பேரு என் வீட்டுக்காரிக்கு, லெட்டரைக் காட்டுனேன். "அப்ப மிச்சத்தை அவங்க சும்மா விட்டுட்டாங்களா?"ன்னு கேட்டா. "சும்மா எவனும் விடமாட்டான், நான் விட வச்சேன்"னேன். "அதான் கேக்கேன்"னா. அவ அப்படித்தான், ஒரு சந்தோஷத்துல பாதிதான் சிரிப்பா.

எத்தனை கல்யாண வீட்டுல அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? பந்தியில எனக்குப் பக்கத்து இலையில உக்காந்தவன் எல்லாரும் கேட்டிருப்பான். எங்க கடையில பில் போடுத சங்கரபாண்டிக்கு இதே மாதிரி ஒரு கடன் இருந்துச்சு. பேசு, விடாத, போனை எடுக்காதன்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அவனும் முடிச்சுட்டான். இப்ப ரெண்டு வருஷமா என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கான். ஏதோ வீடு கட்ட லோனுக்குப் போனானாம், அங்க என்னவோ ஆயிட்டாம். அதுக்கு என் மேல எதுக்குக் கோவம்? நான் நல்லதுதானே சொன்னேன்.

சரி, அதை விடுங்க.

போன வருஷம் ஜூலையில அகிலாவுக்கு கோயமுத்தூர்ல சீட்டு கிடைச்சுட்டு. ஃபீஸ் கட்ட முப்பது நாள் டைம். ரெண்டு வருஷத்துக்கு எல்லாம் சேத்து ஆறரை லட்சம். கல்விக்கடன் இருக்கவே இருக்கு, இந்தப் பிள்ளை பிளஸ் டூவுல இருந்து முதல் மார்க், பேங்க்காரன் வீடு தேடி வந்து குடுப்பான்னு நினைச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் போனோம். லோன் பாக்குத மேடம், ஜெபமணின்னு பேரு, நல்ல பொம்பளை, உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தா. அகிலாவோட மார்க் ஷீட்டைப் பாத்து, "நல்லாப் படிச்சிருக்கியேம்மா"ன்னா. அப்புறம் என் பான் கார்டை வாங்கி கம்ப்யூட்டர்ல அடிச்சா. அடிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

"சார், உங்க சிபில் கம்மியா இருக்கே."

எனக்கு அது சிவில்னு கேட்டுட்டு. "சிவில் கேஸா? எம்மேல ஒரு கேஸும் கிடையாது மேடம். போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல"ன்னேன். அகிலா என் கையைப் பிடிச்சு அமுத்துனா. "கேஸ் இல்லப்பா. ஸ்கோர்."

அந்த மேடம் சிரிக்கலை. மானிட்டரைத் திருப்பிக் காட்டுனா. அரைவட்டமா ஒண்ணு, சிவப்புல ஆரம்பிச்சுப் பச்சையில முடியுது. முள்ளு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல நிக்கி. அறுநூத்திப் பதினொண்ணு.

"முந்நூறுல இருந்து தொள்ளாயிரம் வரைக்கும் சார். நீங்க வாங்கின கடனை எப்படிக் கட்டுனீங்க, தேதிக்குக் கட்டுனீங்களா, எத்தனை கடன், எத்தனை தடவை கேட்டீங்க, எல்லாத்தையும் வச்சுப் போடுற மார்க். எழுநூத்தம்பதுக்கு மேல இருந்தா நாங்க யோசிக்க மாட்டோம். எழுநூறுன்னாக்கூட மேல எழுதிப் பாப்பேன்."

"அறுநூத்திப் பதினொண்ணும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே மேடம்? தொள்ளாயிரத்துக்கு அறுநூறு."

"இது பரீட்சை இல்ல சார்"ன்னா. அப்புறம் பென்சிலை வச்சு ஒரு வரியைத் தொட்டுக் காட்டுனா. என் பழைய கார்டு. அதுக்கு நேரா இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. "செட்டில்டுன்னு போட்டிருக்காங்க. குளோஸ்டுன்னு இருந்திருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே? நான் முடிச்சிட்டேன். லெட்டர் இருக்கு வீட்டுல. இந்தா இப்பப் போயி எடுத்துட்டு வாறேன்."

"லெட்டரை நான் நம்புறேன் சார். நீங்க முடிச்சதா நினைச்சீங்க. அவங்க, இவர்கிட்ட இருந்து இதுக்கு மேல தேறாதுன்னு எழுதி வச்சுட்டாங்க. மொத்தமும் கட்டி முடிச்சா குளோஸ்டு. குறைச்சுக் கட்டினா செட்டில்டு. இது ஏழு வருஷம் வரைக்கும் கூடவே வரும்."

ஏழு வருஷம். நான் கொலையா செஞ்சேன்? அவன் குறைச்சான், நான் வாங்கினேன். யாவாரம். அவன் வாயால சொல்லிக் குறைச்சதுக்கு என் பேர்ல எதுக்கு எழுதணும்? குறைச்சவன் பேர்லலா எழுதணும்! அதையே அந்த மேடத்துக்கிட்டயும் கேட்டேன். அவ பென்சிலைக் கீழ வச்சுட்டா. அகிலாதான், "எவ்வளவுப்பா குறைச்சீங்க?"ன்னு கேட்டா. அறுபத்தேழாயிரம்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு, உள்ளதைச் சொல்லுதேன், கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அவ கேட்டுட்டு மார்க் ஷீட்டை எல்லாம் அடுக்கிக் கவருக்குள்ள வச்சா. ஒண்ணொண்ணா ஓரம் தட்டி அடுக்கினா.

வெளிய வந்து நான் சொன்னேன், "ஒரு கடையில இல்லேன்னா அடுத்த கடை. திருநவேலியில பேங்க்குக்கா பஞ்சம்?" கொள்முதலுக்குப் போனா நாலு இடத்துல விலை கேக்காம நான் வாங்கவே மாட்டேன். அடுத்த ரெண்டு வாரத்துல அஞ்சு இடத்துக்குப் போனேன். ரெண்டு பேங்க்கு, மூணு ஃபைனான்ஸ். எல்லா இடத்துலயும் ஃபாரம் நிரப்பிக் குடுத்தேன். ஒருத்தன் வட்டி பதினாலுன்னான், ஒருத்தன் பதினாறுன்னான், குறைங்கன்னேன், பாக்கோம்னான். கடைசியில எல்லாரும் முடியாதுன்னு ஒரே பதில். திரும்ப ஜெபமணி மேடத்துக்கிட்ட போயி நின்னேன். அவ மறுபடியும் அடிச்சுப் பாத்துட்டு நெத்தியில கை வச்சா.

"சார், ஐநூத்தி எண்பத்தி நாலு. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையே. கேக்கத்தான் செஞ்சேன்."

"அதான் சார். ஒரே மாசத்துல அஞ்சு இடத்துல லோன் கேட்டா, பணத்துக்கு ரொம்பத் தவிக்கிறார்னு அர்த்தம் ஆகும். ஒவ்வொருத்தரும் பாக்கப் பாக்க நம்பர் இறங்கும். நீங்களா உங்க ஸ்கோரைப் பாத்தா இறங்காது. கடன் கேட்டு அவங்க பாத்தா இறங்கும்."

இது எந்த ஊரு நியாயம் தம்பி? கேட்டாலே குறையுமாம். கடன் வாங்காம இருந்தா நல்லவன்னு பாத்தா அதுவும் கிடையாது, இந்தா அதையும் சொல்லுதேன். அப்ப என் வீட்டுக்காரி பேர்ல போடுங்கன்னேன். மறுநாள் செண்பகத்தைக் கூட்டிட்டுப் போனேன். அவ பேருல ஒரு கடன் கிடையாது, ஒரு பாக்கி கிடையாது, ஒருத்தன்கிட்ட அஞ்சு ரூபா வாங்கினது கிடையாது. நான் விட்டதில்ல. பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால, சேலைக்கு ஓரம் அடிக்குத மிஷின் வாங்கணும், மகளிர் குழுவுல லோன் தாறாங்கன்னு வந்து நின்னா. நம்ம கடைச் சேலையையே வீட்டுக்குக் கொண்டு வந்து அடிச்சுத் தாறேன்னா. நான் இருக்கையில நீ எதுக்குக் கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டேன். பொம்பளை பேரு கடன் புஸ்தகத்துல ஏறக் கூடாது. அவ பேரை அவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன்.

மேடம் அடிச்சா. "மைனஸ் ஒண்ணு"ன்னா.

"மைனஸா? பூஜ்யத்துக்கும் கீழயா? அவ என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலை சார். அதான். இவங்க கடன் வாங்கினதே இல்ல. அதனால கட்டுவாங்களா மாட்டாங்களான்னு சொல்ல எந்த விவரமும் இல்ல. வருமானச் சான்றும் இல்ல."

"கட்டுவா மேடம். எனக்குத் தெரியும்லா."

"உங்களுக்குத் தெரியும் சார்."

செண்பகம் அதுவரைக்கும் கைப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்ப என் பக்கம் திரும்பாம, மேடத்தைப் பாத்தே சொன்னா: "நான் அப்பவே கேட்டேன்மா. இவங்கதான் வேண்டாம்னாங்க." குறை சொல்லுத குரலே இல்ல தம்பி. ரேஷன் கடையில அட்டை நம்பர் சொல்லுவோம்லா, அப்படி. எதுக்கு அந்த இடத்துல அதைச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை.

ஆக, எனக்கு இருக்குத நம்பர் ஆகாது. அவளுக்கு நம்பரே இல்ல. பிள்ளைக்குச் சம்பளம் இல்ல. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ள இருந்து அதே கம்ப்யூட்டர்தான் எட்டிப் பாக்கு. சொந்தக்காரங்க இருக்காங்க, ஆறரை லட்சத்துக்கு எவன் இருக்கான்? எங்க முதலாளிகிட்ட கேட்டேன். அவரு, "ஆவுடையப்பா, நீ பேசாத பேச்சா, பேங்க்ல பேசிப் பாரு"ன்னு சிரிச்சாரு. கிண்டலா, நிசமாவான்னு தெரியலை.

சீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்துச்சு. மேடம்தான் ஒரு வழி சொன்னா. அந்தப் பழைய பாக்கியை முழுசாக் கட்டி, பாக்கி இல்லைன்னு கடுதாசி வாங்கினா, செட்டில்டுங்கதை குளோஸ்டுன்னு மாத்துவாங்களாம். உடனே ஏறாதாம், ஆனா அப்புறம் மெல்ல மெல்ல ஏறுமாம். இந்த வருஷத்துக்கு உதவாட்டாலும் அடுத்த வருஷத்துக்காவது உதவும்னா.

அகிலாதான் நம்பர் தேடிப் போட்டா. ஞாயித்துக்கிழமை காலையில, சாப்பாட்டு மேசையில போனை ஸ்பீக்கர்ல வச்சுக்கிட்டு மூணு பேரும் உக்காந்திருக்கோம். அதை அமுத்து, இதை அமுத்துன்னு இருபது நிமிஷம். அப்புறம் ஒரு பிள்ளை பேசுச்சு. "சார், உங்க கணக்குல தள்ளுபடி பண்ணின தொகை அறுபத்தேழாயிரம். வட்டி, சார்ஜ் எல்லாம் சேத்து தொண்ணூத்தோராயிரம் வருது சார்."

தொண்ணூத்தோராயிரம்னு கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிட்டு. "தொண்ணூத்தொண்ணா? என்னம்மா விளையாடுதியா?"ன்னேன். சிரிச்சேன். "அம்பதுன்னா இன்னைக்கே போடுதேன்."

"சார், அது முழுத் தொகை..."

"நாலு வருஷம் சும்மா கிடந்த பணம்மா. வந்தா லாபம்னு நினை. அம்பத்தஞ்சு. அதுக்கு மேல பேச்சு இல்ல."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்"ன்னு போச்சு அந்தப் பிள்ளை. நான் அகிலாவைப் பாத்து ஒரு விரலை உசத்தினேன், பொறு, வருவான்னு. திரும்ப வந்துச்சு. "சார், மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஸ்பெஷல் கேஸா எழுபதாயிரத்துல செட்டில்மெண்ட் போட்டுத் தர்றோம்."

பாத்தீயளா! இருபத்தோராயிரம், நாலே வார்த்தையில! நான் மேசையைத் தட்டினேன். "அறுபத்தஞ்சு"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அகிலா கை நீட்டிப் போனை எடுத்துக்கிட்டா. பிடுங்கலை. எடுத்துக்கிட்டா.

"மேடம், நான் அவர் பொண்ணு பேசுறேன். செட்டில்மெண்ட் வேண்டாம். முழுசா தொண்ணூத்தோராயிரமே எழுதிக்கோங்க. தவணையாக் கட்டலாமா? கட்டி முடிச்சா குளோஸ்டுன்னு எழுத்துல தருவீங்களா?"

"ஏட்டி, எழுபதுக்கு இறங்கிட்டாங்க!"ன்னேன்.

அவ போனைக் கையால மூடிக்கிட்டு என்னைப் பாத்தா. "யப்பா. பேரம் பேசாதீங்கப்பா. கையெடுத்துக் கும்புடுதேன்." கண்ணு நிறைஞ்சிட்டு அவளுக்கு. கத்தியிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல. செண்பகம் எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிட்டா.

தொண்ணூத்தோராயிரம், எட்டுத் தவணை. தீவாளி போனஸ் அதுல போச்சு. நான் வாழ்க்கையில முழு விலை குடுத்தது அது ஒண்ணுதான் தம்பி. குடுத்துட்டு என்ன வாங்கினேன்? ஒரு வார்த்தைக்குப் பதிலா இன்னொரு வார்த்தை.

சீட்டு போயிட்டு. கடைசி நாள் அன்னைக்கு அகிலா காலேஜுக்குத் தானே போன் பண்ணி, வரலைன்னு சொல்லிட்டா. அடுத்த வாரமே வண்ணார்பேட்டையில ஒரு கிளினிக்ல வேலைக்குச் சேந்துட்டா, மாசம் பதினோராயிரம். ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. வேலை விட்டு வந்தா கை எல்லாம் எண்ணெய் வாசனை. எனக்குத் தோள்பட்டை வலின்னா அமுத்தி விடுவா. அமுத்தும்போது பேச மாட்டா.

அவளும் அம்மாவும் சேந்து என்னமோ திட்டம் போட்டிருக்காங்க, எனக்குச் சொல்லலை. செண்பகம் தன் சங்கிலியை பேங்க்ல தன் பேர்ல அடகு வச்சு, அந்த ஓரம் அடிக்குத மிஷினை வாங்கிட்டா. முழுப் பணத்தையும் கட்டி வாங்கலை, பாதியை மிஷின் கடையிலயே தவணையாப் போட்டிருக்கா. எதுக்குடி தவணை, கையில பணம் இருக்கையிலன்னு கேட்டேன். "தேதி தவறாமக் கட்டினா எனக்கும் ஒரு நம்பர் வருமாம்"னா. மாசம் பிறந்து மூணாம் தேதி, தவணை கட்ட காலையில பத்து மணிக்கு பேங்க் வாசல்ல நிப்பா. மழை பெஞ்சாலும் நிப்பா. வருமானத்துக்குக் கணக்கு தாக்கல் செய்யணும்னு அகிலா ஆடிட்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா. இப்ப எங்க தெருவுல பாதிச் சேலை எங்க வீட்டுக்குத்தான் வருது. எங்க கடையில இருந்தும் வருது. ஒரு சேலைக்கு எவ்வளவுன்னு எங்க முதலாளி அவகிட்டதான் பேசுவாரு, என்கிட்ட இல்ல.

பத்து மாசம் கழிச்சு ஒருநாள் சாயங்காலம் தாயும் மகளும் போனை வச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. எழுநூத்தி நாப்பத்தி ஆறாம். செண்பகத்துக்கு. நான், "எவ்வளவு?"ன்னு திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாங்க.

இந்த வருஷம் அதே காலேஜ்ல மறுபடியும் சீட்டு வாங்கினா. ஜெபமணி மேடம் ஒரே வாரத்துல எழுதிட்டா. கையெழுத்துப் போடுத அன்னைக்கு மூணு பேரும் போனோம். நான் நல்ல சட்டை போட்டு, பேனா எல்லாம் எடுத்துட்டுப் போனேன். மேடம் ஃபாரத்தை எடுத்து வச்சா. விண்ணப்பதாரர் அகிலாண்டேஸ்வரி, துணை விண்ணப்பதாரர் செண்பகவல்லி. ரெண்டு நாற்காலிதான் இருந்துச்சு. "சார், நீங்க வெளிய உக்காருங்களேன், முடிஞ்சதும் கூப்பிடுறேன்"னா. தப்பா ஒண்ணும் சொல்லலை. இடம் இல்ல, அதான். வெளிய பெஞ்சுல ரெண்டு பேரோட கைப்பையையும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியாத் தெரியுது. செண்பகம் ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக் கையெழுத்துப் போடுதா. பதினாலு பக்கம். நிதானமாப் போடுதா. பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதுத டீச்சர் மாதிரி இருந்துச்சு அவ உக்காந்திருந்தது.

இன்னைக்கு ஹாஸ்டல்ல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. செண்பகத்துக்கு வேலை இருந்ததால நாந்தான் தனியாக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பக்கெட்டு, மெத்தை, எல்லாத்தையும் நான் தூக்கிக்கிட்டு நிக்கேன். தகப்பனார் பேருன்னு இருந்த இடத்துல என் பேரை எழுதினா. அதுக்குக் கீழ பொறுப்பாளர்னு ஒரு இடம். அம்மா பேரை எழுதி, அம்மா நம்பரைப் போட்டா. வார்டன் அம்மா பாத்துட்டு, "அப்பாதான் கூட வந்திருக்காரே, அவரையே போடும்மா, கையெழுத்தை இப்பவே வாங்கிரலாம்"னாங்க. "இல்ல மேடம், அம்மா பேர்லயே இருக்கட்டும். நான் கையெழுத்து வாங்கித் தர்றேன்"னா. யோசிக்கக்கூட இல்ல. ஹாஸ்டல்ல எவன் சிபில் பாக்கான்? பேங்க்ல எழுதி எழுதி அவளுக்கு அப்படியே பழகிப்போச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இருக்காது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா. "பாத்துப் போங்கப்பா"ன்னா. நல்ல பிள்ளை தம்பி.

உங்க போன்ல நெட்டு இருக்குல்லா? ஒரு சின்ன உதவி. ஸ்கோர் பாக்குத ஆப்பு இருக்குமே, உங்களுக்குப் பாத்தீயளே, அதுல என்னுதையும் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன். நாமளாப் பாத்தா குறையாது, மேடம் சொல்லியிருக்கா. பான் கார்டு பீரோவுக்குள்ள இருக்கு, சாவி செண்பகத்துக்கிட்ட. ஆனா நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்லுதேன், அடிங்க. பிறந்த தேதியும் வேணுமா? சொல்லுதேன். ஓடிபி என் போனுக்கு வரும், அதையும் வாசிக்கேன். அட, பயப்படாதீய, உங்களைப் பாத்தா தெரியாதா? போன மாசம் ஈரோடு போகையில ஒருத்தர் பாத்துக் குடுத்தாரு. அதுக்கு முந்தின மாசம் ஒரு காலேஜ் பிள்ளை. வீட்டுல கேக்கலாம். அகிலா கேட்டா சொல்லுவா. கேக்கலை.

வந்துட்டா? எவ்வளவு? கண்ணாடி போடலை, நீங்களே சொல்லுங்க.

அறுநூத்தி இருபத்தொண்ணு. போன மாசம் அறுநூத்திப் பதினேழு. நாலு ஏறியிருக்கு.

எழுநூத்தம்பதுக்கு இன்னும் நூத்தி இருபத்தொம்பது. மாசம் நாலுன்னு வச்சா, முப்பத்திரெண்டு மாசம். அதுக்கும் கொஞ்சம் மேல. இல்ல தம்பி, மனக்கணக்கு எனக்குத் தப்பாது, எத்தனை வருஷம் விலை பேசியிருக்கேன்.

அவ படிப்பு இருபத்துநாலு மாசம்தான்.